கூப்பிட்டால் நின்றுவிடுவாள்

அவர்களுக்கு வேலைவெட்டி இல்லாமல் இல்லை பத்மா. வேலை இருக்கிறது, கார் இருக்கிறது, அந்தக் காரில்தான் விடியற்காலையில் வந்து இறங்குகிறார்கள். புளியமரத்தடியில் காரை விட்டுவிட்டு, நம் ஏரிக்கரை மேல் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, அதே காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். இப்போது போனதே அந்தக் கூட்டம், பச்சையும் ஆரஞ்சுமாகச் சட்டை போட்டுக்கொண்டு, அதைப் பார்த்துத்தானே கேட்டாய், இதுகளுக்கு என்ன வந்தது என்று. நீ இந்த ஊருக்கு மருமகளாக வந்து இன்னும் ஓர் ஆடி கூட முடியவில்லை, உனக்குத் தெரிய நியாயமில்லை. இந்தக் கரையில் முதலில் ஓடியவள் ஒருத்தி இருந்தாள். இவர்களுக்கெல்லாம் வழி காட்டிவிட்டவளே அவள்தான்.

உட்கார். அந்த முருங்கைக்கீரையை இப்படிக் கொடு, பேசிக்கொண்டே உருவிவிடலாம்.

அவள் பேர் என்ன என்று மட்டும் கேட்காதே. எனக்குத் தெரியாது. ஏரி இரண்டு தரம் நிரம்பி வற்றுகிற வரைக்கும் பழகினாள், பேர் கேட்கத் தோன்றவே இல்லை. நான் "ஏ பொண்ணே" என்பேன், அவள் "என்ன ஆயா" என்பாள், அதோடு காரியம் நடந்துவிடும். பொண்ணு என்று சொல்கிறேனே தவிர நாற்பது வயசு இருக்கும். காதோரம் நரைத்திருந்தது, மை பூசிக்கொள்ள மாட்டாள். முருங்கைக்காய் மாதிரி ஒல்லி. தொளதொளவென்று ஒரு பனியன், முழங்காலுக்குக் கீழே இறங்குகிற கறுப்புக் கால்சட்டை, உச்சந்தலையில் ஒரு சின்னக் கொண்டை. ஓடும்போது அந்தக் கொண்டை மட்டும் தனியாக ஒரு ஆட்டம் ஆடும். எனக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன் கேள். வாசலுக்குச் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன். கரை மேலே ஒரு பெண்பிள்ளை ஓடி வருகிறது. நம் பக்கத்தில் பெண்பிள்ளை ஓடினால் என்ன காரணம் இருக்கும்? மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருக்கும், இல்லை பிள்ளை கிணற்றில் விழுந்திருக்கும், அதுவும் இல்லை என்றால் புருஷன் கட்டையை எடுத்திருப்பான். எனக்குப் பதறிவிட்டது. சாணிக்கையோடு ஓடினேன்.

"ஏ பொண்ணே, நில்லு. யாரு தொரத்திக்கினு வரா?"

அவள் நின்ற விதத்தைச் சொல்ல வேண்டும். குரல் காதில் விழுந்ததும் இரண்டு எட்டு வைத்து நின்றாள். இடது கையைத் தூக்கி, மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கடிகாரத்தை ஒரு அழுத்து அழுத்தினாள். குருவி மாதிரி அது ஒரு சத்தம் போட்டது. அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"யாரும் தொரத்தல ஆயா. சும்மாதான் ஓடறேன்."

சும்மா எவளாவது ஓடுவாளா? நான் நம்பவில்லை. கரை மேல் ஏறிப் போய் அவள் வந்த திசையைப் பார்த்தேன். ஒரு நாரை நின்றுகொண்டிருந்தது. அவளும் என் பக்கத்தில் வந்து நின்று, கூடவே திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம் அந்த நாரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் மோர் குடிக்கிறாயா என்று கேட்டேன். குடித்தாள். கையை இன்னொரு தரம் அழுத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

அவளுக்கு இருந்தது அந்த ஒரு குணம்தான் பத்மா. கூப்பிட்டால் நின்றுவிடுவாள்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், உங்கள் புள்ளலூரிலும் அப்படித்தானே. கண்ணெதிரே ஒரு ஆள் தாண்டிப் போனால் எங்கே போகிறாய் என்று கேட்டாக வேண்டும். அவர்கள் போகிற இடம் தெரிந்து நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் கேட்காமல் விட்டால் மனஸ்தாபம் என்று அர்த்தம். என் ஓரகத்தியும் நானும் பேசாமல் இருந்த காலத்தில் அவள் இந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவள் ஆடு என் வெண்டைச் செடியை மேய்ந்தபோதுகூட ஆட்டிடம்தான் நியாயம் கேட்டேன், அவளிடம் கேட்கவில்லை. ஆடு அவளிடம் போய்ச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அது கிடக்கட்டும்.

வெளியூர்க்காரர்கள் நம் கேள்விக்கு ஓடுகிற ஓட்டத்தில் கையைக் காட்டிவிட்டுப் போவார்கள். இவள் நிற்பாள். மதகுக்குப் பக்கத்தில் புல்லுக்கட்டோடு நிற்கிற பெண் "இத்த கொஞ்சம் தூக்கி வுடும்மா" என்றால் நின்று தலையில் ஏற்றிவிடுவாள். முள்ளில் மாட்டின ஆட்டுக்காக நிற்பாள். சாராயம் குடித்துவிட்டு, ஏரித் தண்ணீர் வழிகிற கலங்கலில் உட்கார்ந்திருப்பவன் தன் மாமியார் செய்த அநியாயத்தைச் சொல்லக் கூப்பிட்டால் அதற்கும் நிற்பாள், மாமியார் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட்டுத்தான் போவாள். நாய் குரைத்தால்கூட நின்று அதனிடம் என்னவோ சொல்லுவாள். நம் ஊர் நாய்கள் ஒன்றும் சாது இல்லை, அவளைப் பார்த்தால் மட்டும் வாலை ஆட்டும்.

எதற்கடி ஒவ்வொரு தரமும் கடிகாரத்தை அழுத்துகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். அது ஓடுகிற நேரத்தை மட்டும்தான் எண்ணுமாம். நிற்கிற நேரம் கணக்கில் வராதாம்.

"அப்போ என்னாண்ட பேசறது கணக்குல வராதா?"

"வராது ஆயா. அதனாலதான் நிம்மதியா பேசறேன்."

காவாந்தண்டலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேனே என் மகள், அவள் போன் பண்ணினால் இன்றைக்கும் பேச்சுக்கு நடுவில் அடுப்பு, பால், பஸ் என்று பத்து தரம் மணி பார்ப்பாள். இவள் ஒரு அழுத்தில் மணியையே நிறுத்திவிட்டு உட்காருவாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

அவள் வீடு தாம்பரத்துக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா இருந்ததாம், அதில்தான் ஓட ஆரம்பித்தாளாம். வட்டமாகக் கல் பதித்த பாதை. எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டுமாம், எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் வாட்ச்மேன் விசில் ஊதுவானாம். செக்குமாடு தேவலை, அதில் எண்ணெயாவது வரும் என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. அப்புறம் பூங்காவில் நடக்கலாம், ஓடக் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்களாம். சரி என்று ஊருக்கு வெளியே இருந்த ஒரு குன்றுக்குப் போனாளாம். குன்றடியில் வீடுகள் வந்து, வீட்டுக்காரர்கள் பாதையில் கேட் போட்டுவிட்டார்களாம். அதற்கும் அப்பால் ஒரு ஏரி, அதற்குச் சுற்றுச்சுவர். இப்படிப் பட்டணம் ஒரு அடி வைக்க, இவள் ஒரு அடி தள்ளிப் போக, கடைசியில் ஸ்கூட்டரில் சனி ஞாயிறு உத்திரமேரூர்ப் பக்கமே வந்து சேர்ந்துவிட்டாள். "ஊரு முடியற எடத்துலதான் ஆயா ஓட முடியும்" என்பாள். நம் ஊர் முடிகிற இடத்தில் என் வீடு இருக்கிறது. ஸ்கூட்டரை என் மாட்டுக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடப் போவாள். அப்படித்தான் எனக்குக் கிடைத்தாள்.

அவள் ஓடின வழியும் அப்படி நின்று நின்று கிடைத்ததுதான். முதலில் கரையோடு போய்க் கரையோடு திரும்புவது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். கலங்கலில் மாடு குளிப்பாட்டுகிற கிழவர் ஒரு நாள் கூப்பிட்டு நிறுத்தி, ஏரிக்குள் இறங்கினால் வேலிகாத்தான் முள்ளுக்கு நடுவே ஒரு மாட்டுத்தடம் கன்னிமார் கல்லுக்குப் போகிறது என்று சொன்னார். கன்னிமாருக்குப் பூசை போடுகிறவர் நிறுத்தி, குன்றுக்குப் பின்பக்கமாக ஏறினால் சறுக்காது என்றார். குன்று மேலே சுள்ளி பொறுக்குகிற பெண்கள் நிறுத்தி, சவுக்குத்தோப்பு வழியாக இறங்கினால் வெயில் தெரியாது என்றார்கள். தோப்புக் காவல்காரன் மாந்தோப்பு வரப்பைக் காட்டினான். வரப்பு முடிந்தால் என் வீட்டுக் கொல்லை. ஆளுக்கு ஒரு துண்டு வழி கொடுத்தார்கள், அவள் எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டு ஒரு வளையம் செய்துகொண்டாள். நான் இந்த ஊரில் பேரன் எடுத்தவள், எனக்கே அப்படி ஒரு சுற்று இருப்பது தெரியாது.

அவளோடு பூங்காவில் ஓடின சிலர் அந்த வழியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். குன்று மேல் போனால் பாதை நாலாகப் பிரியும், ஆள் தவறிவிடும். அதனால் ஒரு சனிக்கிழமை ஒரு பையில் சுண்ணாம்புப் பொடி கொண்டுவந்து, திரும்புகிற இடத்திலெல்லாம் அம்பு போட்டுக்கொண்டு போனாள். பாறை மேல் ஒரு அம்பு, வரப்பு மேல் ஒரு அம்பு. அவளுக்கு என்ன தெரியும்?

பக்கத்து ஊரில் இப்படித்தான் பத்மா ஒரு நாள் காலையில் வயலில் வெள்ளைக் கோடு இருந்தது. யார் போட்டது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே கம்பெனிக்கு நிலம் எடுக்க வந்தவர்கள் கல் நட்டுவிட்டார்கள், கலர்க்கொடி கட்டிவிட்டார்கள். அதிலிருந்து நம் ஊரில் யாருக்கும் தூக்கம் இல்லை. நிலத்தில் ஒரு வெள்ளைக் கறை தெரிந்தால் போதும், கொக்கு எச்சமா சர்வேயா என்று குனிந்து பார்க்கிற காலம் அது.

என் கொழுந்தன் மகன் ஏழுமலையைத் தெரியும் உனக்கு, டிராக்டர் வைத்திருக்கிறானே அவன்தான். அவன்தான் மாந்தோப்பு வரப்பில் அம்பைப் பார்த்தவன். பார்த்த உடனே ஆள் சேர்த்துக்கொண்டு என் வீட்டுக் கொல்லைக்கு வந்து நின்றான். அவள் பொடிப்பையோடு ஓடி வருகிறாள். கையெல்லாம் வெள்ளை. மறுக்க வழியே இல்லை. அவன் முதலில் செய்த காரியம், ஸ்கூட்டர் சாவியை எடுத்து மடியில் முடிந்துகொண்டதுதான்.

"யாரும்மா நீ? எந்தக் கம்பெனிக்கு அளந்துக்கினு கீற?"

அவள் எடுத்துச் சொன்னாள். ஓடுவதற்கு அடையாளம் என்றாள், கூட்டாளிகள் வருகிறார்கள் என்றாள். யார் நம்புவார்கள்? காசு கொடுத்தால்கூட ஓட மாட்டோம் நாம், ஓடுவதற்கு அடையாளம் வேறா? ஊருக்குள் வரவே கூடாது என்று ஒருத்தர், போலீஸைக் கூப்பிடு என்று ஒருத்தர். இத்தனை நாளாக ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு நிறுத்திக் கதை கேட்டாளே, எத்தனை காணி, யார் பேரில் என்று விசாரிக்கத்தான் என்று இன்னொருத்தர். அதைச் சொன்னவள் புல்லுக்கட்டுக்காரி. கூப்பிட்டது இவர்கள். அதுவே அவளுக்குக் குற்றமாகப் போய்விட்டது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"பெரிம்மா, நீ சும்மா இரு. நீ கைநாட்டு. அவ இன்னா எழுதினாளோ ஒனக்கு இன்னா தெரியும்?"

"அது எழுத்து இல்லடா. எழுத்து தெரியாட்டி போவுது, அம்பு கூடவா எனக்குத் தெரியாது?"

கலங்கல் கிழவர்தான் ஒரு வழி சொன்னார். அளக்கிறவன் நேர்கோடாகப் போவான், எங்கேயாவது போய் முடிப்பான். இவள் சொல்வது நிஜமென்றால் இந்த அம்பெல்லாம் சுற்றிவந்து இதே கொட்டகையில் முடிய வேண்டும். ஓடிக் காட்டட்டும், நாம் நின்று பார்ப்போம். அப்படி முடியாவிட்டால் இந்தப் பக்கம் அவள் தலை தெரியக் கூடாது. ஏழுமலைக்கும் அது சரி என்று பட்டது. ஆட்களைப் பிரித்து அனுப்பினான். மதகில் சிலர், கலங்கலில் சிலர், கன்னிமார் கல்லில், குன்று மேல், சவுக்குத்தோப்பில். எங்கெங்கே அவளைக் கூப்பிட்டு நிறுத்துவார்களோ, அங்கங்கே அதே ஆட்கள் போய் நின்றார்கள். யாரும் அவளோடு பேசக் கூடாது என்று வேறு சொல்லி அனுப்பினான்.

அவள் என்னைப் பார்த்தாள். தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். கடிகாரத்தை அழுத்தினாள். கிளம்பிவிட்டாள்.

நான் கரை மேல் ஏறி நின்றேன். ஏரியில் தண்ணீர் குறைவு, அந்தக் கோடி வரை தெரியும். மதகில் நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள், கூப்பிடவில்லை. அவள் தாண்டிப் போனாள். கலங்கலில் கிழவர் கையைக்கூட அசைக்கவில்லை. அவள் தாண்டிப் போனாள். தண்ணீர் மேல் ஓட்டாஞ்சில்லை வீசினால் தாவித் தாவிப் போகுமே, அப்படிப் போனாள் பத்மா. கால் தரையைத் தொட்டதா என்றே தெரியவில்லை. கரையில் பைக்கில் கூடவே போன பையன்கள் மேடுபள்ளத்தில் குலுங்கிக் குலுங்கிப் பின்தங்கிவிட்டார்கள். முள்ளுக்குள் மறைந்தாள், அந்தப் பக்கம் குன்றில் ஒரு எறும்பு மாதிரி ஏறினாள், அப்புறம் காணவில்லை. நான் கொல்லைப் பக்கம் திரும்பி வருவதற்குள் அவள் மாந்தோப்பு வரப்பில் வந்துகொண்டிருந்தாள்.

அவளால் இப்படி ஓட முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை நான் பார்த்ததெல்லாம் நாலு எட்டு ஓட்டம், ஒரு நிறுத்தம், மோர், முருங்கைக்காய், மறுபடி நாலு எட்டு. ஊரே வாயை மூடிக்கொண்ட அன்றைக்குத்தான் அவள் ஓட்டம் முழுசாக வெளியே வந்தது.

வந்தவள் ஸ்கூட்டர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஏழுமலை மடியை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தான். முகத்தைப் பார்க்காமல் "தண்ணி குடிம்மா" என்றான். அவன் மன்னிப்புக் கேட்கிற பாஷை அவ்வளவுதான். அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடி என்றேன். இந்த வழியில் இவ்வளவு வேகமாக ஓடினதே இல்லை என்றாள். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் கூட்டாளிகள் வந்தார்கள். ஊருக்கு ஒரு கூச்சம் இருந்தது இல்லையா, அதை ஈடுகட்ட வேண்டும் என்று எல்லாரும் வாசலில் நின்று வருகிற ஆளையெல்லாம் கூப்பிட்டார்கள். கூழ் கரைத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள். காதில் கருவி மாட்டினவர்களுக்குக் கேட்கவில்லை, அவர்கள் போய்விட்டார்கள். கேட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஏழுமலை ஒரு ஐடி கம்பெனிப் பையனை நிறுத்தி டிராக்டர் டயர் கதை முழுக்கச் சொல்லி அனுப்பினான். கடைசி ஆள் வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அவளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம், பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணினவள் மாதிரி அங்கும் இங்கும் அலைந்தாள்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை ஓட்டம் கண்ணிலேயே இருந்தது. அப்படி ஓடுகிறவளை நாம் எதற்கு வழியில் பிடித்து நிறுத்த வேண்டும்? ஓடட்டும் என்று முடிவு பண்ணினேன். அதற்கடுத்த வாரம் அவள் வருகிற நேரம் பார்த்து உள்ளே போய்விட்டேன். அவள் காலடிச் சத்தம் வாசலில் கொஞ்சம் தயங்கியது, அப்புறம் போய்விட்டது. இன்னொரு வாரம் வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இந்த வயசில், இந்த முட்டிவலியோடு, குத்துக்கால் போட்டு. கோழி ஒன்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் வாசலில் மெதுவாக ஓடினாள், திரும்பித் திரும்பிப் பார்த்தாள், போய்விட்டாள். கூப்பிடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வாய் தானாகத் திறக்கிறது, முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தரம் யாரும் கூப்பிடாமல் அவளே வந்து நின்றாள். கடிகாரத்தை அழுத்தவில்லை, நான் பார்த்தேன். அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருந்தது.

"ஆயா, எம்மேல கோவமா?"

"கோவம் இன்னாத்துக்குடி?"

"அப்புறம் ஏன் கூப்பிடல? நான் வந்தா உள்ள போயிடறீங்க."

"நீ அன்னிக்கி ஓடினத பாத்தேன். அப்டி ஓடறவள மோரு குடின்னு புட்ச்சி வெச்சிக்கினு கீறேன் நானு. ஊரே புட்ச்சி வெச்சிக்கினு கீது. அதான் வுட்டுட்டேன்."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கு நான் வேகமா ஓடல ஆயா. பயந்து ஓடினேன். தெரிஞ்ச முகமா நிக்குது, ஒருத்தர் கூட கூப்பிடல. நின்னா அழுதுடுவேன்னு ஓடினேன்."

அப்புறம் பூங்காவைப் பற்றி ஒன்று சொன்னாள். அதுவரை சொல்லாதது. ஒரு நாள் கால் மடங்கிப் பாதையில் விழுந்துவிட்டாளாம். பின்னால் வந்தவர்கள் இவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்களாம். வருஷக்கணக்காகப் பார்த்த முகங்கள். கெட்டவர்கள் இல்லை, அவர்கள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது என்றாள். இவளே நொண்டி நொண்டி ஓரமாகப் போய் உட்கார்ந்தாளாம்.

"அப்போ ஓடறதுக்கு எடம் தேடி இம்மாந் தூரம் வரலியா நீ?"

"மொதல்ல அதுக்குத்தான் வந்தேன் ஆயா."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து பின்பக்கம் மண்ணைத் தட்டிக்கொண்டாள். நான் விட்டேனா? அன்றிலிருந்து போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம், இல்லாத வேலையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டேன். ஊசியில் நூல் கோர்த்துக் கொடு என்பேன். கோர்த்த நூலை அவள் போனதும் உருவி வைத்துவிடுவேன், அடுத்த வாரத்துக்கு ஆகும் என்று.

அப்புறம் மாந்தோப்பு கைமாறியது. சவுக்கை வெட்டினார்கள். நாம் பயந்த மாதிரி அளக்கிறவன் யாரும் ஓடி வரவில்லை, நிதானமாகக் காரில் வந்து அளந்துகொண்டு போனான். குன்றடி வரைக்கும் மனை போட்டுக் கம்பிவேலி கட்டிவிட்டார்கள். கேட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், எந்த ஊர்க்காரனோ, பக்கத்தில் போனால் விசில் ஊதுகிறான். அவள் வேலி வரைக்கும் போய்த் திரும்பி வருவாள். கரையிலாவது ஓடலாம் என்றால் மண் லாரி. ஒரு நாள் ஒரு லாரி அவளை உரசிக்கொண்டு போனது, முழங்கையெல்லாம் சிராய்ப்பு. மஞ்சள் அரைத்துப் போட்டேன்.

அன்றைக்குத்தான் சொன்னாள், வந்தவாசி தாண்டி ஒரு குன்று பார்த்து வைத்திருக்கிறாளாம், சுற்றிலும் கம்பு வயலாம். போகட்டுமா என்று என்னைக் கேட்கிறாள். என்னிடம் கேட்க வேண்டிய அவசியம் என்ன? போகாதே என்று சொல்லத்தான் வாய் வந்தது. முழங்கையைப் பார்த்தேன். போடி என்றேன்.

"அங்க யாராவது கூப்பிடுவாங்களா ஆயா?"

"மனுசங்க கீற எடம்தான? மொத நாளு நீயே ஒரு கெழவி வூட்டு வாசல்ல போயி நில்லு. அப்புறம் அதுவே கூப்பிடும்."

சரி என்று தலையாட்டினாள். ஸ்கூட்டரைத் திருப்பும்போது நான் கூப்பிட்டேன், நின்றாள். ஒன்றுமில்லை, போ என்றேன். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி நின்றாள். மூன்றாவது தரம் கூப்பிடவில்லை.

என் பேரன் போனில் யாரை வேண்டுமானாலும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறான். பேரைச் சொல்லு ஆயா என்கிறான். ஏ பொண்ணே என்று அதில் தேட முடியுமா? அவள் கூட்டாளிகளைக் கேட்டுப் பார்க்கலாம் என்று கரையில் போய் நின்றால், காதில் கருவியோடு போகிறார்கள். இவர்கள் அவர்கள்தானா, வேறு ஆட்களா, அதுவும் தெரியவில்லை. கத்திப் பார்த்தேன். ஒருத்தன் கையைக் காட்டிவிட்டுப் போனான்.

வருத்தம் இல்லை பத்மா, அவள் ஓடிக்கொண்டிருப்பாள், எனக்குத் தெரியும். வந்தவாசிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு கிழவி இருப்பாள். வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருப்பாள். அவள் கூப்பிட்டிருப்பாள், இவள் கையை அழுத்திக்கொண்டு நின்றிருப்பாள். மோரோ கூழோ குடித்திருப்பாள், ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்திருப்பாள். நல்லா இருக்கட்டும். ஆனால் அந்தக் கிழவியை நினைத்தால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் முகம்கூட எனக்குத் தெரியாது, அவளோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே தூங்குகிறேன். அவளாவது பேரைக் கேட்டு வைத்திருப்பாளா, இல்லை அவளும் என்னை மாதிரிதானா?

இரு, மோட்டார் சத்தம் கேட்கிறது. கரண்ட் வந்துவிட்டது, அது தானாக ஓட ஆரம்பித்துவிடும். மடை மாற்றாவிட்டால் தண்ணீர் முழுக்க ஏழுமலை வயலுக்குப் போய்விடும், அவனுக்கென்ன, இளித்துக்கொண்டு நிற்பான். அந்த மண்வெட்டியை எடுத்துக் கொடு.